சாயம் இறங்காத மரம்

சௌமியா காணாமல் போய் ஐந்து மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தன. ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மிளகுக் கடையின் முன்னால் கிங்ஸ்டன் பைக்கை நிறுத்தியபோது மணி மூன்று முப்பத்தைந்து. ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே கடைக்குள் ஏறினான்.

"ஹலீமாக்கா, கொஞ்சம் வரோணுங்க. ஒரு பொண்ணு தொலஞ்சு போச்சு."

ஹலீமா தராசில் ஏலக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்து, பொட்டலம் மடித்து, வந்தவரிடம் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். வயது நாற்பத்தாறு. தடய அறிவியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். கணவர் ரஹமத்துல்லாவுக்கு முதுகு போனபின் வேலையை விட்டுவிட்டுக் கடையைப் பார்க்க மலையேறி வந்தார். ஆய்வுக்கூடத்தை விட்டாரே தவிர, ஆய்வு அவரை விடவில்லை. மலையில் எது முன்னுக்குப் பின் முரணாக நடந்தாலும் ஆட்கள் அந்தக் கடைக்கு வந்து நின்றார்கள்.

"ஹெல்மெட்டக் கழட்டு. முதல்ல இருந்து சொல்லு."

கிங்ஸ்டன் சொன்னான். அவனும் மலரும் மூன்று வருடமாக அலுவலகங்களுக்குப் புதையல் வேட்டை நடத்துகிறார்கள். ஒரே அறையில் வேலை செய்தும் ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்க்காதவர்களை மலைக்குக் கூட்டி வந்து, அணி பிரித்து, சீட்டில் இருக்கும் துப்பைப் படித்து அடுத்த இடத்தைத் தேட விடுவதுதான் தொழில். துப்பு எழுதுவது மலர். பாதை பார்த்து, சீட்டு வைத்து, அடையாளம் கட்டுவது கிங்ஸ்டன். இன்று தலைச்சோலைக்கு அப்பால் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேட்டை. சேலத்துக் கம்பெனி ஆட்கள் இருபது பேர், நேற்றிரவே வந்து எஸ்டேட் விடுதியில் தங்கியவர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு அணி. செல்போன்களைத் தொடக்கத்திலேயே கூடையில் வாங்கி வைத்துவிட்டார்கள்.

மொத்தம் ஆறு இடம். நான்காம் இடம் ஒரு பெரிய பாறை. அங்கே அணிக்கு ஒரு பூட்டிய பெட்டி. நான்கு பேர் பாறையிலேயே இருந்து புதிரைப் போட, ஒருவர் மட்டும் ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வரவேண்டும். பாறைக்கு மேலே பாதைகள் பிரியும் முக்கில் தன் அணியின் நிறம் எந்த மரத்தில் கட்டியிருக்கிறதோ அந்தப் பாதையில் போனால் சாவி கிடைக்கும். சிவப்பு அணிக்காகச் சௌமியா ஓடினாள். பத்து இருபத்தைந்துக்கு ஓடியவள் திரும்பவில்லை.

"சிவப்ப எங்க கட்டியிருந்த?"

"பழைய பல்பர் கொட்டகைக்குப் போற பாதைலங்க்கா. காப்பிப்பழம் தோலுரிக்கிற கொட்டகை, இப்ப ஓட்டமில்ல. சாவி தொங்கவிட்ட எடத்துலயே தொங்குது. உள்ள ஒரு தொட்டி இருக்கு, மழத்தண்ணி ஆளுயரம் நிக்குது. ஃபயர் சர்வீஸ்காரங்க அத எறச்சிட்டு இருக்காங்க." கழற்றிய ஹெல்மெட்டைக் கையில் திருப்பினான். "நான் மாத்திக் கட்டிட்டேன்னு சொல்றாங்க. நான் மாத்தலங்க்கா."

ஹலீமா கடையின் ஷட்டரை இறக்கினார். மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்தார்.

"மஞ்சு எத்தன மணிக்கு எறங்கும்?"

"அஞ்சுக்கெல்லாம் மூடிரும்."

அதற்குமேல் இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மூடுபனி இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. நனைந்த உடம்போடு ஒரு பெண் அந்தக் குளிரில் விடியும்வரை தாங்க மாட்டாள்.

போகிற வழியில் அவர் கேள்விகளைக் காதருகே போட்டுக்கொண்டே வந்தார். எப்போது கட்டினாய்? விடிகிற நேரத்தில், என்றான் கிங்ஸ்டன். அவன் எப்போதும் கடைசி இடத்தில் தொடங்கி முதல் இடத்தில் முடிப்பான். முதல் சீட்டை முதலில் வைத்தால், சீக்கிரம் எழுந்த கெட்டிக்காரன் எவனாவது அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவான். தொழிலுக்கு வந்த முதல் மாதமே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. ஆறு மணிக்குப் பாறை முக்கில் கட்டிவிட்டான். ஏழுக்கு வெறும் பையோடு விருந்தினர் விடுதிக்கு வந்து டீ குடித்தான்.

எதில் கட்டினாய்? கல்யாணப் பந்தலில் சுற்றுகிற, சுருக்கம் விழுந்த கலர் கிரேப் பேப்பரில். எப்போதும் நைலான் ரிப்பன்தான். எஸ்டேட்டுக்குள் நைலான், பிளாஸ்டிக் எதுவும் கூடாது என்று அங்கே கணக்கெழுதும் ரைட்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டக்காரர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டதும் அதே பேப்பர்தான்.

"மழ பேஞ்சுதா?"

"பத்தே முக்காலுக்குச் சடசடன்னு ஒரு அடி. பதினொன்னுக்கு விட்டுருச்சு. அப்பறம் தூத்தல்கூட இல்ல."

"பொண்ணக் காணோம்னு எப்பத் தெரிஞ்சுது?"

"பதினொன்னு பத்துக்கு மலர் விசில் ஊதுச்சு. எல்லாரும் ஓடுனாங்க. மஞ்சள் அணில சந்தோஷ்னு ஒருத்தர், அவருதான் முதல்ல மேல ஓடுனாரு. பாவம், நொம்ப நேரம் கத்திக் கத்திக் கூப்புட்டாரு."

பைக் எஸ்டேட் கேட்டுக்குள் திரும்பியது.

விடுதி முற்றத்தில் ஆட்கள் கும்பல் கும்பலாக நின்றார்கள். அண்டாக்களில் சாப்பாடு ஆறிக் கிடந்தது. சாம்பாரும் பீட்ரூட் பொரியலும் யாரும் தொடாததால் ஏடு கட்டியிருந்தன. தூரத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறை அது நின்று மறுபடி ஓடும்போதும் சிவப்பு அணியின் பிரியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் மணிக்கட்டில் பேப்பர் கிழிந்து போயிருந்தது. சாயம் மட்டும் வளையல் போலச் சிவப்பாக நின்றது. மழையில் நனைந்த எல்லோருக்கும் அப்படித்தான், அவரவர் நிறத்தில் ஒரு வளையம்.

மலர் தூணோடு ஒட்டி நின்றாள். நேரம் குறிக்கும் அட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். சாதாரணமாகவே அவளிடமிருந்து நாலு வார்த்தை வாங்க நாற்பது கேள்வி கேட்க வேண்டும். இப்போது கிங்ஸ்டனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹலீமா அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பாறையில் உட்கார்ந்து மலர் எழுதியது. சாவிக்கு ஓடிய நேரம்: நீலம் பத்து இரண்டு, பச்சை பத்து ஒன்பது, மஞ்சள் பத்து இருபது, சிவப்பு பத்து இருபத்தைந்து. அதன் கீழே இருபது பெயர்களும் தனித்தனியாக. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நேரம், சிலதில் ஓரிரு சொல்.

"ஆள் ஆளா எழுதுவீங்களா, மலர்?"

மலர் தலையைக் குனிந்துகொண்டாள். கிங்ஸ்டன்தான் பதில் சொன்னான். இதுவரை எழுதியதில்லை. கடைசியாக வந்தது யார் என்றுகூட அவர்கள் எழுதி வைப்பதில்லை, யாருக்கும் சொல்வதுமில்லை. அது மலர் வைத்த விதி. இந்தத் தடவை ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

கம்பெனியின் மேனேஜர் நவீன் முன்னால் வந்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும். களைப்பிலும் சட்டை கசங்காமல் நின்றார். போலீஸ் எஸ்.ஐ.யிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகவும், அடையாளம் கட்டியவரின் கவனக்குறைவுதான் காரணம் என்றும் அமைதியாகச் சொன்னார். சந்தோஷ் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பேசினான்.

"நானே பாத்தங்க. காலைல ஏழு மணி இருக்கும். ரூம் ஜன்னல்ல நிக்கிறேன். இவரு மொத எடத்துல கட்டி முடிச்சிட்டு, அப்படியே மேல பாறைப் பக்கம் போறாரு. கையில நாலு கலரும் ஒன்னாச் சுருண்டு கெடந்துச்சு. அப்பவே நெனச்சேன், மாத்திக் கட்டிருவாருன்னு."

கிங்ஸ்டன் ஓரடி முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். ஹலீமா அவன் முழங்கையில் ஒரு விரலை வைத்தார். அவன் மூடிக்கொண்டான்.

"சரிங்க," என்றார் அவர் சந்தோஷிடம். பிறகு எல்லோரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். முக்கில் கட்டியிருந்த சிவப்புப் பேப்பரை யாராவது தொட்டீர்களா? தேடும்போது, தெரியாமல்கூட?

யாரும் தொடவில்லை. சந்தோஷும் தலையசைத்தான். பக்கத்தில்கூடப் போகவில்லை என்றான்.

மணி நான்கு பத்து.

முக்கு என்பது காப்பிச் செடிகளுக்கு நடுவே ஐந்து பாதைகள் வந்து சேரும் சிறு மேடு. ஒவ்வொரு பாதையின் வாயிலும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம். நான்கு மரங்களில் நான்கு நிறம். ஐந்தாவது பாதையின் மரத்தில் ஒன்றும் இல்லை. செடி மூடி, பாதை என்றே சொல்ல முடியாமல் அது பள்ளத்துக்குள் இறங்கியது. எஸ்டேட்டில் களை எடுக்கும் காளியாயி அவர்களோடு கூட வந்திருந்தார்.

"மணி ஆவுது அக்கா," என்றான் கிங்ஸ்டன். "கொட்டகைக்குப் போலாமா?"

"அங்கதான் நாப்பது பேர் இருக்காங்களே. நீ இந்த மரத்தப் பாரு. என்ன தெரியுது?"

அவன் நீல மரத்தைப் பார்த்தான். பேப்பர் நனைந்து வெளுத்து, பட்டையோடு ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையில் நீலக் கோடுகள் இரண்டு முழத்துக்கு வழிந்து காய்ந்திருந்தன. பச்சை மரமும் அப்படியே. மஞ்சள் கொஞ்சம் மங்கல், ஆனால் கோடு உண்டு.

"சாயம் எறங்கியிருக்குங்க்கா. மழைக்கு."

"இப்ப உன் செவப்பு மரம்."

பல்பர் கொட்டகைப் பாதையின் மரத்தில் சிவப்புப் பேப்பர் சரியான இடத்தில்தான் இருந்தது. மற்றவற்றைப் போலவே நனைந்து வெளுத்திருந்தது. கிங்ஸ்டன் குனிந்து பட்டையைத் தடவினான். இன்னொரு முறை தடவினான். ஒரு பொட்டுச் சிவப்புகூட அதில் இல்லை.

விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தான்.

"மழ பேயறப்ப இது இங்க இல்ல," என்றான்.

"பேப்பர் நனஞ்சிருக்கு. மரத்துல சாயம் எறங்கல. அப்ப நனஞ்சது வேற எங்கயோ. காளியாயிம்மா, அந்த அஞ்சாவது பாதை எங்கங்க போவுது?"

"அது முன்ன வேலக்காரங்க குடியிருந்த பழைய லைன் வூட்டுக்குப் போறதுங்க. இப்ப ஆரும் இல்ல, சாமி. கீழ கல்லுக்கட்டு சரிஞ்சு கெடக்குது. ஆடுகூட அங்க எறங்காதுங்களே."

கிங்ஸ்டன் அதற்குள் ஐந்தாவது மரத்திடம் போயிருந்தான். மிளகு இலைகளை விலக்கினான். நெஞ்சு உயரத்தில், மரத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். அதிலிருந்து கீழே விரல் விரலாகச் சிவப்புக் கோடுகள்.

அவன் கத்தவில்லை. விசிலை எடுத்து மூன்று முறை ஊதிவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினான்.

பாதை கால்மைல் தூரம் போய், கூரையில்லாத வீடுகளுக்கு நடுவே முடிந்தது. மஞ்சு கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. முதலில் காப்பிச் செடிகளின் அடியும், பிறகு இடுப்பும் மறைந்தன. கிங்ஸ்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பதில் இல்லை. ஹலீமா அவனை நிறுத்தி, தரையைக் காட்டினார். சாவி இருக்கும் என்று நம்பி வந்தவள் ஒவ்வொரு வாசலாகப் பார்த்திருக்கிறாள். சேற்றில் ஷூ தடம் வீடு வீடாக நுழைந்து வெளியே வந்தது. கடைசி வீட்டின் பின்னால் அது வெளியே வரவில்லை.

கல்லுக்கட்டுக்குப் பன்னிரண்டு அடி கீழே, உதிர்ந்த கற்களின் மேல் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கிங்ஸ்டன் வேரைப் பிடித்து இறங்கித் தன் ஜெர்க்கினை அவள்மேல் போட்டான். கண் திறந்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"நாங்கதான் கடைசியா?"

அவனுக்குப் புரியவில்லை. மழையில் நனைந்து, காலொடிந்து, ஆறு மணி நேரம் கிடந்த பெண் தண்ணீர் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்கவில்லை. அவன் மேலே பார்த்தான். கல்லுக்கட்டின் விளிம்பில் மண்டியிட்டிருந்த ஹலீமாவின் முகம் இறுகியிருந்தது. அவரும் கேட்டுவிட்டார்.

"இல்ல கண்ணு," என்றார். "யாரும் கடைசி இல்ல. நீ கண்ண மூடாத."

ஸ்ட்ரெச்சர் வந்து அவளை ஏற்றியபோது மணி ஐந்து ஐந்து. ஆம்புலன்ஸ் சேலத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. மஞ்சு எஸ்டேட்டை முழுதாக விழுங்கியிருந்தது. பல்பர் கொட்டகையில் மோட்டார் நின்றுவிட்டது.

எல்லோரும் விடுதியின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் பிழைத்துவிட்டாள் என்ற நிம்மதி ஒருபுறம். மறுபுறம், எஸ்.ஐ. நோட்டைத் திறந்து கிங்ஸ்டனின் அப்பா பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். நவீன் சொல்வது எளிதாக இருந்தது. ஆள் காலையில் தவறாகக் கட்டினார். பெண்ணைக் காணோம் என்றதும் பயந்து, போய்ச் சரியான மரத்தில் மாற்றிக் கட்டினார். அதனால்தான் எல்லோரும் தவறான இடத்தில் தேடினோம்.

கிங்ஸ்டனுக்கே ஒரு நிமிடம் அது உண்மை போலத் தோன்றியது.

"பாதி சரிங்க," என்றார் ஹலீமா. "மாத்திக் கட்டுனவர்தான் திருப்பியும் கட்டுனவரு. ஆனா அது கிங்ஸ்டன் இல்ல. சார், நோட்ட ஒரு பத்து நிமிஷம் மூடி வைங்க."

எஸ்.ஐ. மூடவில்லை. ஆனால் பேனாவைக் கீழே வைத்தார்.

ஹலீமா மஞ்சள் அணியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். "தம்பி, காலைல ஏழு மணிக்கு இவரு மொத எடத்துல கட்டிட்டு மேல பாறைக்குப் போனத நீங்க கண்ணால பாத்தீங்க. கையில நாலு கலரும் இருந்துச்சு. அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க."

"வெளையாடறவங்களுக்கு ஒன்னுதான் மொதல்ல, ஆறுதான் கடைசி. வைக்கிறவருக்கு அப்படி இல்ல. கிங்ஸ்டன் ஆறுல ஆரம்பிச்சு ஒன்னுல முடிக்கிறவரு. ஏழு மணிக்கு மேல இருந்து எறங்கித்தான் வந்தாரு, வெறும் பையோட."

கதவருகே நின்ற காளியாயி தானாகவே சொன்னார். "விடியறப்ப பாறை முக்குல கட்டிட்டு இருந்துச்சுங்க. நாந்தான் வெத்தல குடுத்தேன். வேண்டாம்னுடுச்சு."

"நீங்க பாக்காதத ஒன்னு சொன்னீங்க, தம்பி. வெளையாடறவரு கணக்குல சொன்னீங்க. அதான் தப்பாப் போச்சு."

சந்தோஷ் நேரம் மறந்திருக்கலாம் என்றான். வேறு யாரையாவது பார்த்திருக்கலாம் என்றான். பேசும்போது வலது கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தான். ஹலீமா கையைக் காட்டச் சொன்னார். மஞ்சள் அணிக்காரன், மணிக்கட்டில் மஞ்சள் வளையம். ஆனால் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகத்தைச் சுற்றி மெல்லிய சிவப்பு.

"பீட்ரூட்டுங்க," என்றான் உடனே. "பொரியல் அள்ளுனேன்."

"இருக்கலாம். பாத்துருவோம்."

அவர் காளியாயியிடம் சுண்ணாம்பு டப்பாவை வாங்கினார். இரண்டு தட்டில் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்தார். முதல் தட்டில் அண்டாவிலிருந்து பீட்ரூட் சாறு நாலு சொட்டு. எல்லோரும் எட்டிப் பார்க்க, சிவப்பு மெதுவாகப் பழுப்பாகி, மஞ்சளாகி நின்றது. பிறகு நனைத்த பஞ்சால் சந்தோஷின் நகத்தைச் சுற்றித் துடைத்தார். பஞ்சில் ரோஜா நிறம் ஏறியது. அதை இரண்டாம் தட்டில் போட்டார்.

கிங்ஸ்டன் மனதுக்குள் எண்ணினான். முப்பது, நாற்பது, அறுபது. பஞ்சு ரோஜா நிறத்திலேயே மிதந்தது.

"பீட்ரூட்டுன்னா சுண்ணாம்புல நெறம் மாறும். இது மாறல. ஈரமான செவப்புப் பேப்பர அவுத்துக் கட்டுனா வர்ற சாயம் இது. காலைல காஞ்ச பேப்பரக் கட்டுனவரு கையில ஒட்டாது. கிங்ஸ்டன் கையப் பாருங்க."

கிங்ஸ்டன் இரண்டு உள்ளங்கையையும் விரித்தான். மண் இருந்தது, கீறல் இருந்தது, சாயம் இல்லை.

"மஞ்சளுக்குச் சாவி எடுக்க ஓடுனது நீங்க. மழைக்கு முன்னாடி பேப்பர ஒருவாட்டி அஞ்சாவது மரத்துக்கு மாத்துனீங்க. சௌமியா உங்களுக்கு அஞ்சு நிமிஷம் பின்னால வந்தா. விசில் ஊதுனதும் எல்லாருக்கும் முன்னாடி ஓடிப்போய்த் திரும்ப எடுத்துக் கட்டுனீங்க. அப்ப அது ஈரம். அதுக்கப்பறம் அஞ்சு மணி நேரம், அந்தப் பொண்ணு எந்தப் பக்கம் போனான்னு இந்த மலைல தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். தொட்டில தண்ணி எறைக்கறதப் பாத்துட்டு நின்னீங்க."

பிரியா எழுந்தாள். அவனையே பார்த்தாள். சந்தோஷின் முகம் கோணியது.

"பத்து நிமிஷம் லேட்டாகட்டும்னுதாங்க... பாதை முடிஞ்சதும் திரும்பிருவான்னு நெனச்சேன். அவ இவ்வளவு தூரம் போவான்னு எனக்கென்னங்க தெரியும்? அப்பறம் சொல்லலாம்னா, சொன்னா நானே..." அவன் நவீனைப் பார்த்தான். "சார், உங்களுக்குத் தெரியும்ல? லிஸ்ட்ட நான்தானே சார் டைப்..."

"சந்தோஷ்," என்றார் நவீன். குரல் உயரவில்லை. சந்தோஷ் வாயை மூடிக்கொண்டான்.

எஸ்.ஐ. பேனாவை எடுத்துவிட்டார். கிங்ஸ்டனுக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. ஹலீமாவுக்கு மட்டும் முடியவில்லை. அவர் அறையின் மூலையில், பிரிக்கப்படாமல் இருந்த பரிசுப் பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அவர் கடைச் சாக்லேட். அவரே ரிப்பன் கட்டியது.

"மூனு வருஷமா மலர் எங்கிட்ட நாலு பெட்டி வாங்கும். நாலும் ஒரே அளவு. எல்லா அணிக்கும் உண்டு, யாரு கடைசின்னே தெரியாது. இந்தத் தடவ ஒரு பெட்டிதான் கேட்டுச்சு. நான் அப்ப யோசிக்கல." அவர் பெட்டியின் மேல் கையை வைத்தார். "இந்தச் சாக்லேட்டுக்காக ஒருத்தன் இன்னொருத்திய ஆள் போகாத பாதைல அனுப்ப மாட்டான். கால் ஒடிஞ்சு கெடக்கற பொண்ணு 'நாங்கதான் கடைசியா'ன்னு கேக்க மாட்டா. ஜெயிக்கறதுக்கு இந்த ஆட்டத்துல ஒன்னும் இல்ல. அப்ப கடைசியா வர்றதுல என்னவோ இருக்கு. அது என்னான்னு எனக்குத் தெரியல. இந்த ரூம்ல ரெண்டு மூனு பேருக்குத் தெரியும்."

நவீன் கடிகாரத்தைப் பார்த்தார். இது கம்பெனியின் உள்விஷயம் என்றார். எல்லோரும் பஸ்ஸில் ஏறலாம் என்றார். இரண்டு மூன்று பேர் பழக்க தோஷத்தில் எழுந்தார்கள். பிறகு, மற்றவர்கள் எழாததைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

கிங்ஸ்டன் மலரைப் பார்த்தான். அவளுடைய அட்டை மேசைமேல் இருந்தது. இருபது பெயர், இருபது நேரம், ஓரிரு சொல். 'தயங்குகிறார்.' 'பிறரைக் கேட்கிறார்.' 'மெதுவாக ஏறுகிறார்.' மலரின் சின்னச் சின்ன எழுத்து. துப்புச் சீட்டுகளில் அவன் மூன்று வருடமாகப் பார்த்துப் பழகிய எழுத்து. ஒரு வாரமாக அவள் தன் முகம் பார்த்துப் பேசாதது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. கூச்சம் என்று நினைத்திருந்தான்.

"மலர்," என்றான் மெதுவாக.

மலர் எழுந்து நின்றாள். அவள் இத்தனை பேர் முன்னால் பேசி அவன் பார்த்ததில்லை. விதிகளை வாசிப்பதுகூட அவன்தான். அவள் அட்டையைக் கையில் எடுத்தாள். அவள் நவீனைப் பார்க்கவில்லை, ஹலீமாவையும் பார்க்கவில்லை. பிரியாவின் மணிக்கட்டில் இருந்த சிவப்பு வளையத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கடைசியா வர்ற அணில இருக்கற அஞ்சு பேருக்கும் திங்கக்கெழமைல இருந்து வேலை இல்லீங்க. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."